'அது என்னோடது இல்ல': போதைப்பொருள் வழக்கில் இந்த வார்த்தை எப்போது எடுபடும்?

இரவு மணி 11.30. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து, நண்பனிடம் இரவல் வாங்கிய மோட்டாரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வழியில் ரோட்பிளாக். ஐசி, லைசென்ஸ் எல்லாம் காட்டியாச்சு. போலீஸ்காரர் சீட்டைத் தூக்கச் சொல்கிறார். சீட்டுக்கு அடியில் டேப் சுற்றிய சின்னப் பொட்டலம். உங்கள் வாயில் முதலில் வருவது இதுதான்: "புக்கான் சாயா புஞா, துவான்." என்னோடது இல்ல.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படித் தொடங்கும் வழக்குகளை நீதிமன்றச் செய்திகளில் நாங்கள் அடிக்கடி எழுதுகிறோம். எழுதும்போது 'வைத்திருந்ததாக' என்று போடுவோம். அந்த 'ஆக'வைப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை. குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். ஆனால் போதைப்பொருள் வழக்கில் அந்த 'ஆக'வுக்குப் பலம் கொஞ்சம் குறைவு. ஏன் என்று பார்ப்போம்.

'வைத்திருப்பது' என்றால் என்ன?

கையில் இருந்தால் வைத்திருப்பது, அவ்வளவுதானே என்று தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொருள் உங்கள் பிடியில், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அது அங்கே இருப்பதும், அது என்ன பொருள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் 'வைத்திருந்த' குற்றம். உங்கள் பைக்குள் உங்களுக்கே தெரியாமல் யாரோ எதையோ போட்டுவிட்டால், பிடி இருக்கிறது, அறிவு இல்லை.

ஆனால் ஒருவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை மண்டையைத் திறந்து பார்க்க முடியாதே. அதனால் 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. அதன் பெயர் 'சட்ட அனுமானம்'. செக்‌ஷன் 37(டி)-யின்படி, போதைப்பொருள் உள்ள ஏதாவது ஒன்று, அது பையோ டப்பாவோ, உங்கள் பிடியில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டினால் போதும். அந்தப் பொருளை நீங்கள் வைத்திருந்தீர்கள், அது என்னவென்றும் உங்களுக்குத் தெரியும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

வாகனத்துக்குத் தனி விதி இருக்கிறது. 37(எச்)-இன்படி, வாகனத்தில் மறைத்து வைத்த போதைப்பொருள் கிடைத்தால், வாகனத்தின் உரிமையாளருக்கும் அந்த நேரத்தில் அதைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் அது தெரியும் என்றே அனுமானம். நம் கதையில் மோட்டாரைக் கொடுத்த நண்பனும் மாட்டுவான், ஓட்டிய நீங்களும் மாட்டுவீர்கள். வீட்டில் மறைத்து வைத்திருந்தால், அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும் என்று 37(ஜி) சொல்கிறது. வாடகை வீட்டில் நாலு பேராகத் தங்கியிருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

ஆக, 'என்னோடது இல்ல' என்று சொல்வது மட்டும் பதில் ஆகாது. 'எனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை, இதோ காரணம்' என்பதுதான் பதில்.

எத்தனை கிராம்? அதில்தான் எல்லாம்

கஞ்சாவை எடுத்துக்கொள்வோம். 20 கிராமுக்குக் கீழே என்றால் பொதுவாக செக்‌ஷன் 6: 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 20 கிராம் தொட்டால் 39ஏ(1): குறைந்தது 2 ஆண்டு, கூடியது 5 ஆண்டு சிறை, 3 முதல் 9 பிரம்படி. இங்கே அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வழி கிடையாது. 50 கிராம் தொட்டால் 39ஏ(2): 5 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம், கூடவே 10-க்குக் குறையாத பிரம்படி. 200 கிராம் தொட்டால் வேறு உலகம். நீங்கள் அதைக் கடத்துகிறீர்கள் என்றே 37(டிஏ) அனுமானிக்கும். குற்றச்சாட்டு 39பி-க்குப் போய்விடும்.

மற்றவற்றில் படிகள் இன்னும் நெருக்கம். ஹெராயினுக்கு 2, 5, 15 கிராம். ஷாபு என்று நம் பசங்க சொல்லும் மெத்தம்பெட்டமைனுக்கு 5, 30, 50 கிராம். இவற்றில் முதல் படிக்குக் கீழே இருந்தாலும் செக்‌ஷன் 12-இன் கீழ் 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 15 கிராம் என்பது எவ்வளவு? மூன்று தேக்கரண்டி சீனி அளவு.

39பி-க்கு நீண்ட காலம் மரண தண்டனை ஒன்றுதான் இருந்தது. அப்போது நீதிபதி விரும்பினாலும் வேறு தண்டனை கொடுக்க முடியாது. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் 2023 ஜூலை 4-இல் அமலுக்கு வந்த பிறகு, மரண தண்டனையா ஆயுள் சிறையா என்று நீதிபதி முடிவு செய்யலாம். ஆயுள் என்றால் 30 ஆண்டு. அதோடு 12-க்குக் குறையாத பிரம்படி. தூக்குத் தண்டனை போய்விட்டது என்று டிக்டாக்கில் சிலர் பேசுவதை நம்ப வேண்டாம். போனது 'கட்டாயம்' மட்டுமே.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ரோட்பிளாக்கில் போலீஸ் சொல்லும் எடை கடைசி எடை அல்ல. பொட்டலம் ஜாபத்தான் கிமியாவுக்குப் போகும். ஹெராயின் போன்றவற்றில், கலப்படம் போக உண்மையான போதைப்பொருள் எத்தனை கிராம் என்பதை வேதியியலாளர் கணக்கிடுவார். அந்த அறிக்கையில் ஒரு படி இறங்கினால் செக்‌ஷனே மாறும். அறிக்கை வருவதற்கு முன்பே 'ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்' என்று யாராவது சொன்னால், அவர் எதை முடிக்கச் சொல்கிறார் என்று யோசியுங்கள்.

பொட்டலம் போகும் பாதையும் முக்கியம். யார் எடுத்தார், என்ன குறி போட்டார், எந்தப் பெட்டியில் பூட்டினார், யார் லேப்புக்குக் கொண்டு போனார் என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். எடையோ பொட்டலங்களின் எண்ணிக்கையோ ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் வேறொன்று என்று இருந்து அதற்கு விளக்கமும் இல்லை என்றால், வழக்கின் அடிப்படையே ஆட்டம் காணும். சினிமாவில் வருவது போல வக்கீல் மேசையைத் தட்டி ஜெயிப்பதைவிட, இப்படிப் பதிவேட்டில் உள்ள ஓட்டையைக் காட்டி ஜெயிப்பதுதான் அதிகம் நடக்கக்கூடியது.

பாயான் லெப்பாஸில் பிடிபட்ட தாயும் மகனும்

அனுமானத்தை உடைக்க முடியுமா? முடியும். அதற்குப் பினாங்கிலேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது.

1985 பிப்ரவரியில் நியூசிலாந்தைச் சேர்ந்த லொரேன் கோஹன், அவர் மகன் ஆரன் கோஹன் இருவரும் பினாங்கு விமான நிலையத்தில் ஹெராயினுடன் பிடிபட்டார்கள். தாயிடம் 140 கிராமுக்கு மேல். மகனிடம் 34 கிராமுக்கு மேல், அதாவது கடத்தல் அனுமானத்துக்கான 15 கிராமைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் காலத்தில் 39பி என்றால் தூக்கு மட்டும்தான். வாதாடியவர் பினாங்கின் கர்ப்பால் சிங்.

'எங்களுடையது இல்லை' என்ற வாதம் இங்கே எடுபடாது. 'விற்க அல்ல, நாங்கள் போதைக்கு அடிமை, எங்கள் சொந்த உபயோகத்துக்கு' என்பதுதான் வாதம். 1987-இல் பினாங்கு உயர் நீதிமன்றம் மகன் விஷயத்தில் அதை ஏற்றுக்கொண்டது. அவர் கடத்தலில் இருந்து தப்பி, வைத்திருந்த குற்றத்துக்காக ஆயுள் சிறையும் பிரம்படியும் பெற்றார். தாய்க்கு மரண தண்டனை. 1989-இல் மேல்முறையீட்டில் அவருடைய தண்டனையும் ஆயுளாகக் குறைந்தது. 1996-இல் இருவரும் மன்னிப்புப் பெற்று நாடு திரும்பினார்கள்.

கடத்தல் என்ற அனுமானத்தை உடைப்பது வேறு, வழக்கிலிருந்தே வெளியே வருவது வேறு. மகன் ஜெயித்தார் என்று சொன்னால், ஜெயித்ததன் பரிசு ஆயுள் சிறை.

அனுமானத்தின் மேல் அனுமானம்

இப்போது கொஞ்சம் சட்டப் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், மலேசியாவில் பலரின் உயிர் இதில்தான் தொங்கியது.

உங்கள் பையில் பொருள் இருந்தது, எனவே நீங்கள் 'வைத்திருந்தீர்கள்' என்று 37(டி) அனுமானிக்கும். வைத்திருந்தது 15 கிராமுக்கு மேல் ஹெராயின், எனவே 'கடத்தினீர்கள்' என்று 37(டிஏ) அனுமானிக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், பை உங்களிடம் இருந்தது என்பதை மட்டும் காட்டி ஒருவரைத் தூக்குமேடை வரை கொண்டு போகலாம். இது நியாயமா?

1998-இல் முகமட் பின் ஹசான் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அப்படி அடுக்கக்கூடாது என்றது. 37(டிஏ)-வைப் பயன்படுத்த வேண்டுமானால், வைத்திருந்ததை அனுமானமாக இல்லாமல் நேரடி ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 37ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது: அடுக்கலாம். 2019 ஏப்ரல் 5-இல், தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும் தலைமையில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்த 37ஏ-வை ரத்து செய்தார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது, 8-ஆவது பிரிவுகளுக்கு அது முரண் என்பது காரணம். தன்னைத் தற்காத்துக்கொள்ளும் பாரத்தை இந்த அளவுக்குக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில் ஏற்றுவது நியாயமான விசாரணை ஆகாது என்பது சாரம்.

அந்த வழக்கைக் கொண்டு வந்தவர்கள் இரண்டு பெண்கள்: பிலிப்பைன்ஸைச் சேர்ந்த அல்மா நூடோ அதென்சா, தாய்லாந்தைச் சேர்ந்த ஒராதாய் ப்ரொம்மதத். தங்கள் பயணப் பைகளில் என்ன இருந்தது என்று தெரியாது என்பது அவர்கள் வாதம். தீர்ப்புக்குப் பிறகு அவர்களுடைய 39பி குற்றத்தீர்ப்பு நீங்கியது. ஆனால் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் அப்படியே நின்றது. வீட்டுக்குப் போகவில்லை, சிறைக்குத்தான் போனார்கள். 37(டி) இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் மோட்டார் சீட்டுக்கு அடியில் கிடைத்த பொட்டலத்துக்கும் அது பொருந்தும்.

'தெரியாது' என்பதை எப்படிக் காட்டுவது?

அனுமானத்தை உடைக்க 100 விழுக்காடு உறுதி தேவையில்லை. 'இவருக்குத் தெரியாமல் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்' என்ற அளவுக்குத் தராசு சாய்ந்தால் போதும். ஆனால் வெறும் வாய்வார்த்தை தராசைச் சாய்க்காது.

நம் மோட்டார் கதைக்கே வருவோம். எப்போது வாங்கினீர்கள்? 'மச்சி, இன்னிக்கி ஒன் மோட்டார் தர்றியா' என்று நீங்கள் அனுப்பிய வாட்சாப் இருக்கிறதா? தொழிற்சாலை கார்பார்க்கில் சிசிடிவி உண்டா? சாவி இன்னும் யாரிடம் இருக்கிறது? பொட்டலத்தில் கைரேகை, டிஎன்ஏ பார்த்தார்களா, பார்க்கவில்லை என்றால் ஏன்? சீட்டைத் தூக்காமலே அது கண்ணில் படுமா, படாதா? இவைதான் ஆதாரம். சிசிடிவி பதிவுகள் தானாக அழிந்துவிடும். குடும்பத்தினர் முதல் வாரத்திலேயே வக்கீல் மூலம் கேட்க வேண்டியது இது.

பிடிபட்ட நொடியில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதும் சாட்சியாகும். பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினால், ஓடியதே அறிவின் அடையாளமாக வாதிடப்படும். பயத்தில் சேட்டை அழித்தாலும் அதே கதை, உங்களைக் காப்பாற்றக்கூடிய மெசேஜும் அதோடு போய்விடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 'ஒரு பார்சல்தான்டா, கொண்டு போய்க் குடு, 500 வெள்ளி தர்றேன்' என்று சொன்னார்கள், நானும் என்ன ஏது என்று கேட்கவில்லை என்பது 'தெரியாது' ஆகாது. சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருந்தும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால், அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் கடுமை. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் உட்லண்ட்ஸில் 42.72 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டு, 2022 ஏப்ரல் 27-இல் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அதே ஈப்போவின் பன்னீர்செல்வம் பரந்தாமன் 2014-இல் பிடிபட்டார். 2025 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூரிலும் தெரியும் என்ற அனுமானம் உண்டு. அங்கே ஹெராயின் 15 கிராமைத் தாண்டினால் கடத்தலுக்கு மரண தண்டனை.

பேசவா, வாயை மூடிக்கொள்ளவா?

இதுதான் எனக்கு வரும் மெசேஜ்களில் அதிகம் இருக்கும் கேள்வி. பதில் நேர்க்கோட்டில் இல்லை.

விசாரணையில், உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் செக்‌ஷன் 112-இல் இருக்கிறது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லவும், வக்கீலோடு பேசவும் உரிமை 28ஏ-இல் இருக்கிறது. வக்கீல் வர நியாயமான நேரம் கொடுத்து, அதுவரை கேள்விகளை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு விதிவிலக்கு உண்டு: கூட்டாளி தப்பிவிடுவான், ஆதாரம் அழியும் என்பது போன்ற காரணங்களைக் காட்டி போலீஸ் மறுக்கலாம்.

அப்படியானால் வழக்கு முழுக்க மௌனமா? இங்கேதான் ஒரு தமிழர் பெயர் வருகிறது. அல்கொந்தாரா அம்புரோஸ் அந்தோணி என்பவரின் மேல்முறையீட்டில் கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு 1996-இல் வெளியானது. பொருளுக்குப் பின்னால் இருந்தவர் 'சே மாட்' என்ற ஒருவர் என்று தன் வாக்குமூலத்திலேயே அவர் சொல்லியிருந்தார். கீழ் நீதிமன்றம் அதைப் பிறகு கட்டிய கதையாகப் பார்த்தது. கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆரம்பத்திலேயே பெயரும் விவரமும் கொடுத்துவிட்டார், அது உண்மையா பொய்யா என்று தேடிப் பார்க்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புடையது என்றது. அவர் விடுதலை ஆனார். அன்றிலிருந்து வக்கீல்கள் இதை 'அல்கொந்தாரா நோட்டீஸ்' என்கிறார்கள்.

நம் கதையில், மோட்டார் நண்பனின் பெயர், போன் நம்பர், எங்கே எப்போது கொடுத்தான் என்பதெல்லாம் தொடக்கத்திலேயே பதிவாகாமல், ஒன்றரை வருடம் கழித்து சாட்சிக்கூண்டில் முதல்முறையாக வந்தால், 'இப்போதுதான் ஞாபகம் வந்ததா?' என்ற கேள்வி நிச்சயம் வரும். அதனால் வரிசை முக்கியம். முதலில் வக்கீலோடு பேசுங்கள். பிறகு, உண்மையிலேயே இன்னொருவர் இருக்கிறார் என்றால், தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய விவரத்தோடு அவரைப் பற்றிச் சீக்கிரம் சொல்லுங்கள். இல்லாத ஆளை உருவாக்கினால், போலீஸ் தேடிப் பார்த்து இல்லை என்று சொன்னதும் உங்கள் கதை மொத்தமும் அதோடு சரிந்துவிடும்.

முதல் 24 மணி நேரம்

கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே போலீஸ் ரிமாண்ட் கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றமென்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை. 14 ஆண்டு அல்லது அதற்கு மேலோ மரண தண்டனையோ உள்ள குற்றமென்றால் 7 நாளும், மேலும் 7 நாளும். கேட்டதெல்லாம் அப்படியே கிடைக்க வேண்டும் என்று இல்லை. நாட்களைக் குறைக்கச் சொல்லி வக்கீல் வாதாடலாம். அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால்? மலேசியக் குடிமக்களுக்கு தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, அதாவது ஒய்பிஜிகே, கைது, ரிமாண்ட் கட்டத்தில் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. ரிமாண்ட் நாளன்று நீதிமன்றத்தில் 'ஒய்பிஜிகே லாயர் வேணும்' என்று கேளுங்கள். முழு விசாரணைக்கு வருமான வரம்பு உண்டு. மரண தண்டனை வழக்கில் வக்கீல் வைக்க முடியாதவருக்கு நீதிமன்றமே வக்கீலை நியமிக்கும்.

ஜாமீன் பற்றி அம்மாக்கள்தான் முதலில் கேட்பார்கள். செக்‌ஷன் 41பி-இன்படி, மரண தண்டனையோ 5 ஆண்டுக்கு மேல் சிறையோ உள்ள குற்றச்சாட்டுக்கு ஜாமீன் கிடையாது. 39ஏ(2)-உம் 39பி-உம் அதில் அடங்கும். 5 ஆண்டு அல்லது அதற்குக் கீழ் என்றால் கிடைக்கலாம், ஆனால் பொதுநலன் கருதி வேண்டாம் என்று அரசு வழக்கறிஞர் எழுத்தில் கொடுத்தால் அதுவும் இல்லை. 'ஜாமீன் எடுத்துத் தர்றேன், காசு குடுங்க' என்று வரும் இடைத்தரகர்களிடம் எந்த செக்‌ஷன் என்று முதலில் கேளுங்கள்.

குற்றச்சாட்டு பதிவான பிறகும் ஒரு கதவு திறந்திருக்கிறது. வக்கீல், துணை அரசு வழக்கறிஞருக்கு ரெப்ரசென்டேஷன் என்ற மனு எழுதி, 39பி-யை 'வைத்திருந்த' குற்றமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஏற்பது அவர்கள் விருப்பம். ஆனால் அந்த மனுவில் வைக்க ஏதாவது வேண்டும்: சிசிடிவி, வாட்சாப், சாட்சி, வேதியியல் அறிக்கை.

கடைசியாக ஒன்று. லோக்காப்புக்குப் போகும்போது உங்கள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு கால் பண்ணச் சொல்வார்கள். அம்மா நம்பர், அக்கா நம்பர், ஏதாவது ஒன்று மனப்பாடமாகத் தெரியுமா?